விப்பிள் கோட்டுக்குக் கீழே: மறக்கப்பட்ட ஓர் ஆங்கில நாவலாசிரியரை மறுபதிப்புகளின் வழி வாசித்தல்

முன்னுரை

டோரதி விப்பிள் என்னும் பெயரை இம்மலரைப் படிக்கும் நண்பர்களுள் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். அதில் வியப்பில்லை. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் படித்த எனக்கும் எந்த விரிவுரையாளரும் அப்பெயரைச் சொன்னதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி என்றால் வர்ஜீனியா உல்ஃப், இ. எம். ஃபார்ஸ்டர், டி. எச். லாரன்ஸ் ஆகியோரோடு பாடத்திட்டம் முடிந்துவிடும். அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் பொதுமக்கள் நூலகத்தில் வரிசையில் நின்று வாங்கிப் படித்தவர்கள் வேறு எழுத்தாளர்கள். அவர்களுள் ஒருவர் விப்பிள்.

அவருடைய நாவல்கள் இன்று மீண்டும் அச்சில் உள்ளன. சாம்பல் நிற அட்டையிட்ட மறுபதிப்புகளாக அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தேன். படிக்கப் படிக்க என் மனத்தில் மூன்று கேள்விகள் எழுந்தன. ஏராளமான வாசகர்களைப் பெற்றிருந்த ஓர் எழுத்தாளர் எப்படி இவ்வளவு முழுமையாக மறைய முடியும்? அவரை மீட்டெடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்பவர் யார்? மறுபதிப்பாக வரும் ஒரு நூலை மாணவர்களாகிய நாம் எப்படிப் படிக்க வேண்டும்? இம்மூன்றுக்கும் இயன்ற அளவு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இந்த விப்பிள்?

டோரதி 1893ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் லங்காஷயர் வட்டாரத்துப் பிளாக்பர்ன் நகரில் பிறந்தார். பருத்தி ஆலைகளால் வாழ்ந்த ஊர் அது. தந்தையார் உள்ளூர்க் கட்டடக் கலைஞர். பிள்ளைகள் நிறைந்த வீடு. மகிழ்ச்சியான இளமைப் பருவம் அவருடையது.

1914இல் முதல் உலகப் போர் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் கொல்லப்பட்டார். பின்னர், கல்வி நிர்வாகியாக இருந்த ஹென்றி விப்பிள் என்பவரிடம் மூன்று ஆண்டுகள் செயலாளராகப் பணியாற்றி, 1917இல் அவரையே மணந்துகொண்டார். கணவர் மனைவியை இழந்தவர். டோரதியைவிட 24 வயது மூத்தவர். இல்வாழ்க்கையின் பெரும்பகுதி நாட்டிங்ஹாம் நகரில் கழிந்தது. அங்கிருந்துதான் அவர் எழுதத் தொடங்கினார்.

முதல் நாவல் 'யங் ஆன்' 1927இல் வெளிவந்தது. தொடர்ந்து 'ஹை வேஜஸ்' (1930), 'கிரீன்பேங்க்ஸ்' (1932), 'தே நியூ மிஸ்டர் நைட்' (1934), 'தி பிரையரி' (1939), 'தே வேர் சிஸ்டர்ஸ்' (1943), 'பிகாஸ் ஆஃப் தி லாக்வூட்ஸ்' (1949) ஆகியவை வந்தன. 1946இல் வந்த ஒரு குறுநாவலையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது. 'புக் சொசைட்டி' என்னும் நூற்கழகம் மாதந்தோறும் தன் உறுப்பினர்களுக்கு நூல்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பி வந்தது. அதன் தேர்வுகளிலும் பரிந்துரைகளிலும் விப்பிளின் நூல்கள் திரும்பத் திரும்ப இடம்பெற்றன. இரண்டு நாவல்கள் திரைப்படங்களாயின. 1945இல் வெளியான 'தே வேர் சிஸ்டர்ஸ்' படத்தில் கொடுமைக்காரக் கணவனாக நடித்தவர் புகழ்பெற்ற ஜேம்ஸ் மேசன்.

ஒன்பதாவது நாவல் 'சம்ஒன் அட் எ டிஸ்டன்ஸ்' 1953இல் வந்தது. பெரிய நாளிதழ்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பின் அவர் சிறுகதைகளும் குழந்தைகளுக்கான கதைகளும் எழுதினாரே தவிர, இன்னொரு நாவல் எழுதவில்லை. இறுதிக் காலத்தில் பிறந்த ஊரான பிளாக்பர்னுக்கே திரும்பி, 1966இல் அங்கேயே காலமானார்.

மறைந்தது எப்படி?

'நல்ல நூல் நிலைத்து நிற்கும், மற்றவை தாமாகவே உதிர்ந்துவிடும்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நூல்கள் தாமாக உதிர்வதில்லை. விப்பிளின் மறைவுக்கு நான் காணும் காரணங்கள் நான்கு.

முதலாவது, அவருடைய நூல்கள் வாசகரைச் சென்றடைந்த வழி. அக்காலத்தில் நடுத்தர வர்க்கத்தினர் நாவல்களைக் காசு கொடுத்து வாங்குவதைவிடச் சந்தா கட்டி வாடகை நூலகங்களில் இரவல் பெறுவதே வழக்கம். பூட்ஸ் மருந்துக்கடை நிறுவனம்கூடத் தன் கிளைகளில் அத்தகைய நூலகத்தை நடத்தியது. மருந்து வாங்கப் போகிறவர் கையோடு ஒரு நாவலையும் எடுத்து வருவார். இதன் விளைவு என்ன? ஒரே பிரதியைப் பலர் படித்தனர். ஆயினும், வீட்டு அலமாரியில் தங்கிய பிரதிகள் குறைவு. பொது நூலகங்களும் மலிவுப் பதிப்புகளும் பெருகியபோது வாடகை நூலகங்கள் நலிந்தன. டபிள்யூ. எச். ஸ்மித் தன் நூலகத்தை 1961இல் மூடியது. பூட்ஸ் 1966இல் மூடியது. விப்பிள் காலமானதும் அதே ஆண்டில்தான். எழுத்தாளரும் அவரை மக்களிடம் கொண்டு சேர்த்த நூலகமும் ஒருசேர மறைந்த ஆண்டு அது.

இரண்டாவது, போர். பிரிட்டனில் 1940 முதல் 1949 வரை தாள் பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. புதிய நூலுக்கே தாள் போதாத காலத்தில் பழைய நூலை மீண்டும் அச்சிடுவது பதிப்பாளருக்கு எளிதாக இருக்கவில்லை. 1940 டிசம்பர் 29ஆம் நாள் இரவு லண்டனில் பதிப்பகங்கள் நிறைந்த பேட்டர்னோஸ்டர் ரோ தெரு குண்டுவீச்சில் எரிந்தது. ஏறத்தாழ 50 இலட்சம் நூல்கள் சாம்பலாயின.

மூன்றாவது, சுவை மாற்றம். 1954இல் கிங்ஸ்லி ஏமிஸின் 'லக்கி ஜிம்', 1956இல் ஜான் ஆஸ்பர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' என்று கோபக்கார இளைஞர்களின் காலம் தொடங்கியது. அந்த ஆரவாரத்தில், வீட்டையும் தோட்டத்தையும் குடும்பத்தையும் பற்றி அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் எழுதும் அமைதியான நாவலுக்கு யார் காது கொடுப்பார்?

நான்காவதுதான் நம்மைப் போன்ற பல்கலைக்கழகத்தாருக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1920களில் ஆங்கிலத்தில் ஒரு புதிய வசைச்சொல் தோன்றியது. உயர்ந்த கலையும் அல்லாத, எளிய மக்களின் கேளிக்கையும் அல்லாத இடைப்பட்ட சுவையை ஏளனமாகக் குறிக்கும் 'மிடில்பிரவ்' என்னும் சொல்லே அது. 1932இல் கியூ. டி. லீவிஸ் எழுதிய ஆய்வு நூல், வாசகப் பெருங்கூட்டத்தின் சுவை தாழ்ந்துபோயிற்று என்று வாதிட்டது. அதே ஆண்டில் வர்ஜீனியா உல்ஃபும் 'மிடில்பிரவ்' என்ற தலைப்பில் கேலிநடையில் ஒரு கடிதக் கட்டுரை எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1942இல் அது நூலில் இடம்பெற்றது. 1948இல் எஃப். ஆர். லீவிஸ் 'தி கிரேட் டிரடிஷன்' நூலில் மிகச் சிலரையே பெருமரபினராக ஏற்றார். இத்தகைய வடிகட்டல்களின் வழியாகவே நம் பாடத்திட்டங்கள் உருவாயின. அந்த வடிகட்டியில் தங்காதவர்களின் பெயர்கள் நம் செவிக்கு எட்டவில்லை.

இரண்டு பதிப்பகங்கள், ஒரு கோடு

இனி மீட்பின் கதைக்கு வருவோம். இதில் ஒரு முரண் இருக்கின்றது. விப்பிளை முதலில் ஒதுக்கியவர்கள், மறக்கப்பட்ட பெண் எழுத்தாளர்களை மீட்பதையே பணியாகக் கொண்டவர்கள்.

1973இல் கார்மென் காலில் என்னும் பெண்மணி லண்டனில் விராகோ பதிப்பகத்தைத் தொடங்கினார். 1978இல் 'விராகோ மாடர்ன் கிளாசிக்ஸ்' என்ற வரிசை பிறந்தது. அதன் முதல் நூல் அந்தோனியா வைட்டின் 'ஃபிராஸ்ட் இன் மே'. பச்சை நிற முதுகுடன் வந்த அந்நூல்கள் பல பெண் எழுத்தாளர்களை மீண்டும் மேடையேற்றின. பெண் எழுத்து என்பது ஆங்காங்கே முளைத்த தனிமரங்கள் அல்ல, தொடர்ந்து வந்த ஒரு மரபு என்பதை அவ்வரிசை நிறுவியது. அந்தப் பணியின் அருமையை யாரும் மறுக்கவியலாது.

அதே விராகோவில் ஒரு பேச்சுவழக்கு இருந்ததாம். எந்தத் தரத்துக்குக் கீழே தாங்கள் இறங்கமாட்டார்களோ, அந்த எல்லைக்கு அவர்கள் வைத்த பெயர் 'விப்பிள் கோடு'. பிற்காலத்தில், 2008இல், காலில் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் இதை வெளிப்படையாகவே எழுதினார். விப்பிளின் நடையும் உள்ளடக்கமும் தங்களால் ஏற்கவே முடியாதவையாக இருந்தன என்பது அவர் தந்த விளக்கம். ஒரு மனிதரின் பெயரே தரக்குறைவுக்கு அளவுகோலாகிவிட்டது. நல்லவேளையாக, அதைக் கேட்க விப்பிள் உயிருடன் இல்லை.

மற்றொரு புறம் நிக்கோலா போமன் இருந்தார். இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துப் பெண்களின் நாவல்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூலை 1983இல் வெளியிட்டதும் அதே விராகோதான். 1999இல் போமன் பெர்செஃபனி புக்ஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். அதன் வரிசையில் மூன்றாம் எண் கொண்ட நூல், அந்த முதல் ஆண்டிலேயே வந்த 'சம்ஒன் அட் எ டிஸ்டன்ஸ்'. நாவலாசிரியர் நீனா பாடன் அதற்கு முன்னுரை எழுதினார். முதற்பதிப்புக்குப் பின் 46 ஆண்டுகளும், ஆசிரியர் மறைவுக்குப் பின் 33 ஆண்டுகளும் கடந்திருந்தன. வாசகர்கள் அதை விரும்பினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற நாவல்களும் வந்தன. 2009இல் 'ஹை வேஜஸ்', 2011இல் 'கிரீன்பேங்க்ஸ்', 2014இல் 'பிகாஸ் ஆஃப் தி லாக்வூட்ஸ்' என்று தொடர்ந்து, 2018இல் முதல் நாவலான 'யங் ஆன்' வரை வந்துவிட்டது. ஒரு பதிப்பகத்தார் தாங்கள் இறங்காத எல்லையாகக் கொண்ட எழுத்தாளர், இன்னொரு பதிப்பகத்தின் தூணாகிவிட்டார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காலிலும் போமனும் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். இருவரும் ஒரே நோக்கத்துக்காக உழைத்தவர்கள். இருவரும் தேர்ந்த வாசகர்கள். இருந்தும், தரம் என்னும் கோட்டை இருவரும் வெவ்வேறு இடத்தில் போட்டார்கள். தரம் என்று ஒன்று இல்லை என்பது இதன் பொருள் அன்று. அதைப் பிறர் சொன்னபடி ஏற்றுக்கொள்ள முடியாது, நூலைத் திறந்து நாமே சோதிக்க வேண்டும் என்பதே பொருள். ஆகவே, மூன்று நாவல்களைத் திறந்து பார்ப்போம்.

'ஹை வேஜஸ்': சம்பளத்தின் கதை

1912இல் லங்காஷயரின் ஒரு சிற்றூரில் ஜேன் என்னும் ஆதரவற்ற இளம்பெண் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்கிறாள். அக்கால வழக்கப்படி விற்பனைப் பெண்கள் கடை மாடியிலேயே தங்க வேண்டும். சாப்பாடு போடுபவர் முதலாளியின் மனைவி. அந்தச் சாப்பாடு எவ்வளவு குறைவு என்பதை விப்பிள் நமக்கு மறக்கவிடுவதில்லை. ஜேன் கெட்டிக்காரி. துணி வாங்கித் தையற்காரியிடம் கொடுக்கும் காலம் போய் ஆயத்த ஆடைகளின் காலம் வரப்போகிறது என்பது முதலாளிக்குப் புரியும் முன்பே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஆலை முதலாளியின் மனைவியான ஓர் அன்புள்ளம் கொண்ட பெண்மணி கடன் கொடுக்க, அவள் தனிக்கடை திறக்கிறாள்.

இதில் என்னைக் கவர்ந்தது காதல் அன்று, கணக்கு. வாரச் சம்பளம், கடன், இலாபம் என்று பணத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் நாவல்கள் அக்காலத்தில் மிகுதி இல்லை. ஒரு பெண்ணுக்குத் தனியறையும் வருமானமும் வேண்டும் என்று உல்ஃப் கட்டுரையாக எழுதியது 1929இல். அந்த வருமானத்தை, படிப்பும் சொத்தும் இல்லாத ஒரு பெண் எப்படிச் சம்பாதிப்பாள் என்று விப்பிள் கதையாக எழுதியது மறு ஆண்டில். முதலாவது என் பாடத்திட்டத்தில் இருந்தது. இரண்டாவது இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவருக்குக் கிடைக்கும் பயன் பெரிது என்பது என் கருத்து.

'தே வேர் சிஸ்டர்ஸ்': பெயரில்லாத குற்றம்

லூசி, சார்லட், வீரா என்று மூன்று சகோதரிகள். மூவருக்கும் மூன்று விதமான திருமணங்கள். சார்லட்டின் கணவன் ஜெஃப்ரி ஒரு கொடுங்கோலன். ஆனால், அவன் கொடுமை கையால் அடிப்பதில் தங்கியிருக்கவில்லை. விளையாட்டு என்ற பெயரில் மனைவியைப் பிறர் முன் இழிவுபடுத்துவான். உடனே, தானே பாதிக்கப்பட்டவன் போல வருந்துவான். வீட்டில் யார் எப்போது சிரிக்கலாம் என்பதுகூட அவன் மனநிலையைப் பொறுத்தது. சார்லட் சிறுகச் சிறுகத் தன்னம்பிக்கை இழந்து, குடியில் விழுந்து அழிகிறாள். மூத்தவளான லூசி எல்லாவற்றையும் பார்க்கிறாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கைகளின் பிள்ளைகளைக் காப்பதைத் தவிர அவளால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

இந்நாவல் வெளிவந்தது 1943இல். அடியின்றிக் காயமின்றி ஒருவரின் மனத்தை ஒடுக்கி ஆளும் இத்தகைய நடத்தையை இங்கிலாந்தின் சட்டம் ஒரு தனிக் குற்றமாக வகுத்தது 2015ஆம் ஆண்டின் கடுங்குற்றச் சட்டத்தின் 76ஆம் பிரிவில்தான். இடையில் 72 ஆண்டுகள். சட்டம் பெயர் வைக்காத ஒன்றை, சமூகம் 'குடும்ப விவகாரம்' என்று ஒதுக்கிய ஒன்றை, விப்பிள் பக்கம் பக்கமாகச் சாட்சி சொல்லி வைத்திருந்தார். இந்நூல் அச்சில் இல்லாமற்போன ஆண்டுகளில் அந்தச் சாட்சியமும் வாசகர் கைக்கு எட்டாமற்போயிற்று. மறுபதிப்பு என்பது பழம்பொருள் சேகரிப்பு மட்டும் அன்று என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

'சம்ஒன் அட் எ டிஸ்டன்ஸ்': உடையும் வீடு

எலனும் ஏவரியும் இருபது ஆண்டுகள் இனிதே வாழ்ந்த தம்பதியர். ஏவரி ஒரு பதிப்பகத்தின் பங்குதாரர். ஒரு மகன், பள்ளி மாணவியான ஒரு மகள். போருக்குப் பின் வேலையாள் கிடைக்காத காலம். எலன் தானே சமைத்து, தானே தோட்டம் பார்த்து, ஓயாமல் உழைத்து, அதிலேயே மகிழ்ச்சியும் காண்கிறாள். தனிமையில் வாடும் மாமியார் பேச்சுத்துணைக்காக லூயீஸ் என்னும் பிரெஞ்சுப் பெண்ணை அமர்த்துகிறார். சொந்த ஊரில் ஒருவனால் கைவிடப்பட்டு மனக்காயத்தோடு வந்தவள் லூயீஸ். மாமியார் இறக்கும்போது அவளுக்கு ஆயிரம் பவுன் எழுதி வைக்கிறார். அதைப் பெற வந்தவள் எலன் வீட்டில் தங்குகிறாள். அடுத்து நிகழ்வதை வாசகர் ஊகித்துவிடலாம்.

ஊகித்த பின்னும் நூலைக் கீழே வைக்க முடிவதில்லை என்பதுதான் விப்பிளின் ஆற்றல். கணவன் மயங்கிய பின் அவர் கதையை முடிப்பதில்லை, அங்கேதான் தொடங்குகிறார். மணவிலக்குக்கு ஒரு தரப்பின் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய காலம் அது. வழக்கு, பணம், வீட்டை விற்பது, விடுமுறைக்கு வரும் மகளிடம் என்ன சொல்வது, இத்தனை காலம் சம்பளமில்லாமல் உழைத்த ஒரு பெண் எங்கே வேலை தேடுவது ஆகிய ஒவ்வொன்றையும் அவர் விடாமல் தொடர்கிறார். முதிய பெண்மணிகள் தங்கும் ஒரு விடுதியில் எலன் வேலைக்குச் சேரும் பகுதியே இந்நாவலின் உயிர் என்பேன். வீட்டில் யாரும் மதிக்காத அவளுடைய அதே திறமைகளுக்கு அங்கே சம்பளம் கிடைக்கிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை.

குறைகளும் உண்டு

புகழ்ந்து மட்டும் எழுதுவது ஆய்வாகாது. காலில் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் வாதிடவில்லை. விப்பிளின் வாக்கியங்கள் எளிமையானவை. உல்ஃபின் வாக்கியத்தில் கிடைக்கும் சொல்லின்பத்தை இவரிடம் எதிர்பார்க்க முடியாது. தீயவர்கள் சில இடங்களில் முழுக் கறுப்பாகத் தீட்டப்படுகிறார்கள். லூயீஸை ஆசிரியர் இன்னும் சற்று இரக்கத்தோடு பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கதையை நகர்த்தத் தற்செயல் நிகழ்ச்சிகளும் அவ்வப்போது உதவிக்கு வருகின்றன. அவருடைய உலகமும் பெரும்பாலும் வட இங்கிலாந்து, நடு இங்கிலாந்து நடுத்தர வர்க்க வீடுகளைத் தாண்டுவதில்லை.

ஆயினும் 'நடை' ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது சரியா? வீட்டுக்குள் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டுவதில், பாத்திரங்களின் மனத்தில் நாளுக்கு நாள் நிகழும் சிறு மாற்றத்தைப் பின்தொடர்வதில், வாசகரைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துச் செல்வதில் விப்பிள் தேர்ந்தவர். இவையும் நாவல் கலையின் உறுப்புகளே. எல்லாருக்கும் ஒரே கோடு போட்டால், கோட்டுக்குக் கீழே நல்லவை பல தங்கிவிடும்.

மறுபதிப்பை எப்படிப் படிப்பது?

இம்மலரின் வாசகர்களுள் பலர் மாணவர்கள் என்பதால், நடைமுறைக் குறிப்புகள் சிலவற்றையும் தருகின்றேன்.

முதலில், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம், மறுபதிப்பு எப்போது என்ற வரலாறு அங்கேதான் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட வெற்றிடமே உங்கள் ஆய்வுக்குரிய முதல் கேள்வி.

இரண்டாவதாக, முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். மறுபதிப்பின் முன்னுரை நூலுக்கு வக்கீலாக நிற்பது. கதையின் முடிவையும் சொல்லிவிடக்கூடியது. நூலைப் படித்து நீங்களே ஒரு முடிவுக்கு வந்த பின் வக்கீலின் வாதத்தைக் கேட்பது நல்லது.

மூன்றாவதாக, பதிப்புரிமையைக் கருத்திற்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிவிலிருந்து 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். விப்பிளின் நூல்களுக்கு அது 2036 முடிய உண்டு. ஆகவே, வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடித்து அனுமதி பெற்ற பிறகே அவற்றை அச்சிட முடியும். உரிமையாளரைக் கண்டறிய முடியாததாலேயே உறங்கும் நூல்கள் உண்டு. ஒரு நூல் மறுபதிப்பாகவில்லை என்பது அது தகுதியற்றது என்பதற்குச் சான்றாகாது.

நான்காவதாக, மீட்பவரின் சுவையையும் கணக்கில் எடுங்கள். பெர்செஃபனி நூல்களின் உள்அட்டையில், நாவல் எழுதப்பட்ட காலத்துத் துணி வடிவம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதே வடிவத்தில் அடையாளச் சீட்டும் உண்டு. கண்ணுக்கு இனியவை. ஆனால், அந்த அழகே 'அந்தக் காலம் எவ்வளவு இனிமை!' என்னும் ஏக்கத்தையும் ஊட்டிவிடலாம். உள்ளே இருப்பதோ சார்லட்டின் கண்ணீர். அட்டையும் உள்ளடக்கமும் எப்போதும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. ஒவ்வொரு மறுபதிப்பு வரிசையும் ஒரு தேர்வு; ஒவ்வொரு தேர்விலும் ஒரு புதிய விடுபடல் இருக்கின்றது.

ஐந்தாவதாக, ஒரே பதிப்பகத்தோடு நின்றுவிடாதீர்கள். நியூயார்க்கிலிருந்து வரும் என்.ஒய்.ஆர்.பி. கிளாசிக்ஸ் 1999இல் தொடங்கியது. ஃபேபர் நிறுவனம் 2008இல், கேட்கும்போது மட்டும் அச்சிட்டுத் தரும் முறையில் பழைய நூல்களை வெளியிடத் தொடங்கியது. பிரிட்டிஷ் நூலகம் பழைய துப்பறியும் நாவல்களை மீட்டு வெளியிட்டது. ஜெஃபர்சன் ஃபார்ஜன் 1937இல் எழுதிய 'மிஸ்டரி இன் வைட்' 2014இன் கிறிஸ்துமஸ் காலத்தில் பரபரப்பாக விற்றது. 2020 முதல் பெண் எழுத்தாளர்களுக்கென்றே அந்நூலகம் ஒரு தனி வரிசையை வெளியிட்டது. ஒப்பிட்டுப் படித்தால்தான் ஒவ்வொருவரின் கோடும் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

உயிரோடு இருக்கும்போதே

மீட்பு எப்போதும் இவ்வளவு தாமதமாக வரவேண்டும் என்பதில்லை. பார்பரா பிம் என்னும் நாவலாசிரியரின் ஏழாவது நாவலை 1963இல் அவருடைய பதிப்பகம் திருப்பியனுப்பியது. அதன்பின் ஏறத்தாழ 14 ஆண்டுகள் அவருக்குப் பதிப்பாளரே கிடைக்கவில்லை. 1977இல் டைம்ஸ் இலக்கிய இதழ், உரிய மதிப்புப் பெறாத எழுத்தாளர் யார் என்று பலரிடம் கேட்டபோது, கவிஞர் ஃபிலிப் லார்கினும் அறிஞர் டேவிட் செசிலும் தனித்தனியே பிம்மின் பெயரைச் சொன்னார்கள். அதே ஆண்டில் அவருடைய புதிய நாவல் வெளிவந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. 1980இல் காலமாவதற்குள் அவர் தம் மறுவாழ்வைக் கண்ணால் கண்டார். 1938இல் 'மிஸ் பெட்டிக்ரூ' நாவலை எழுதிய வினிஃபிரெட் வாட்சனும் 2000இல் பெர்செஃபனி அதை மீண்டும் வெளியிட்டதைப் பார்த்துவிட்டு, 2002இல் 95 வயதில் மறைந்தார். விப்பிளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. தம் கடைசி நாவலைச் சூழ்ந்த மௌனத்தோடு அவர் 13 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார்.

முடிவுரை

பிம்மை மீட்டது இரண்டு வாசகர்களின் சொல். விப்பிளை மீட்டது ஒரு வாசகரின் பிடிவாதம். பெரிய நிறுவனமோ அரசோ பல்கலைக்கழகமோ இதில் முன்னின்று எதையும் செய்யவில்லை. படித்தவர்கள், தாங்கள் படித்ததை நம்பி வாய்திறந்து சொன்னார்கள். அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் மூன்றோ நான்கோ ஆண்டுகள் நமக்கு நூற்பட்டியல் கொடுக்கிறார்கள். அது தொடக்கம் மட்டுமே. இலக்கியத்தின் எல்லை அன்று. நூலக அடுக்கில் பல ஆண்டுகளாக யாரும் இரவல் பெறாத நூல் ஒன்று கண்ணில் பட்டால், எடுத்துப் பத்துப் பக்கம் படியுங்கள். பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம், இழப்பு ஒன்றுமில்லை. பிடித்துவிட்டாலோ, அந்நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் இன்னொருவரிடம் சொல்லுங்கள். யாருடைய கோட்டுக்குக் கீழே அது கிடக்கிறது என்று அஞ்ச வேண்டாம். கோட்டைப் போடும் உரிமை வாசகராகிய உங்களுக்கும் உண்டு.